கேசட்டுக்குள் ஒரு சிவப்புக் கார்

1969ஆம் ஆண்டில் இரண்டு சின்ன வியாபாரங்கள் தொடங்கின. ஒன்று சென்னையில். பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்கள் பிழைத்துக்கொள்ள, பாரிமுனைக்கு அருகே கடற்கரை ரயில் நிலையப் பக்கம் வரிசையாகச் சிறு கடைகள் முளைத்தன. பர்மா பஜார் என்ற பெயர் நிலைத்தது. இன்னொன்று ஜப்பானில், ஒசாகாவை ஒட்டிய டொயோனகாவில். ககெமாசா கொசுகி என்ற 28 வயது இளைஞர், காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு விட்டு, கெட்டுப்போனால் பழுதுபார்த்துக் கொடுக்கும் தொழிலை அந்த மார்ச் மாதம் ஆரம்பித்தார். இருபத்துச் சொச்சம் வருடங்கள் கழித்து டொயோனகாவில் பிறந்த ஒரு சரக்கு பர்மா பஜார் பலகைக்கு வந்து, அங்கிருந்து காவிரிக் கரை வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் வந்து சேர்ந்தபோது அதற்குப் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை, பழைய வேகமும் இல்லை.

கொசுகி பாட்டுப் பெட்டியோடு நின்றுவிடவில்லை. 1973இல் தொழிலைக் கம்பெனியாகப் பதிவு செய்து, பொழுதுபோக்கு இயந்திரங்கள் பக்கம் திரும்பினார். கம்பெனியின் பெயர் கோனாமி. அந்தக் காலத்துக் காசு இயந்திரங்களில் கார் ஓட்டும் விளையாட்டுக்குத் தனி மவுசு இருந்தது. அதில் கணினி எதுவும் கிடையாது. சாலைப் படம் வரைந்த ஒரு பட்டையை மோட்டார் சுழற்றும், பொம்மைக் கார் அதன் மேல் இடமும் வலமும் அசையும், அவ்வளவுதான். 1974இல் டைட்டோ கம்பெனியின் டொமோஹிரோ நிஷிகாடோ அதே வித்தையைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவந்தார். மேலிருந்து பார்க்கும் சாலை, கீழ்நோக்கி ஓடி வரும் எதிர்க் கார்கள். ‘ஸ்பீடு ரேஸ்’ என்ற அந்த இயந்திரத்துக்கு நான்கு ஆண்டுகள் கழித்து அதே நிஷிகாடோ ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ செய்தார். உலகம் முழுக்கக் காசு கொட்டியது. ஜூக்பாக்ஸ் பட்டறையும் இனி சும்மா இருக்கப் போவதில்லை.

கோனாமிக்குப் பெரிய பெயர் ஒரு தவளையால் வந்தது. 1981இன் ‘ஃப்ராகர்’. கார்களும் லாரிகளும் பாய்கிற சாலையைத் தவளை நசுங்காமல் கடக்க வேண்டும். சாலையை மேலிருந்து பார்ப்பது, மோதலைத் தவிர்ப்பதே ஆட்டம் என்பது, இரண்டுமே அங்கேயே கோனாமியின் கைக்குப் பழகிவிட்டன. மிச்சமிருந்தது, தவளையை எடுத்துவிட்டுக் காருக்குள் ஏறுவது மட்டும். அதற்குள் நாம்கோ குறுக்கே வந்தது.

1982இல் நாம்கோ வெளியிட்ட ‘போல் பொசிஷன்’ எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. காரின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்கும் கோணம், தொலைவில் புள்ளியாகத் தெரிந்து கிட்ட வர வரப் பெரிதாகும் கார்கள், பின்புலத்தில் ஃபியூஜி மலை. பந்தய விளையாட்டு என்றால் இனி இப்படித்தான் என்று தொழில் முழுவதும் முடிவு கட்டியது. அப்படிப்பட்ட நேரத்தில், 1984இல், கோனாமி ஒரு கார் விளையாட்டை இறக்கியது. பத்து வருடத்துக்கு முந்தைய அதே பழைய கோணம், மேலிருந்து பார்க்கும் நேர்ச் சாலை. கடையில் போல் பொசிஷனுக்குப் பக்கத்தில் வைத்தால் முந்தைய தலைமுறையின் இயந்திரம் போலத்தான் தெரியும். ஆனால் அதற்குள் ஒளிந்திருந்த கணக்கு புதியது.

அந்த விளையாட்டில் முதலிடம், இரண்டாமிடம் என்ற பேச்சே இல்லை. மூன்று உயிர் என்ற வழக்கமும் இல்லை. இருந்தது எரிபொருள் மட்டும். ஓடினாலும் குறையும், நின்றாலும் குறையும். சாலையோரத்தில் இடித்தால் கார் வெடிக்கும். வெடித்த கார் திரும்பி வந்து வேகம் பிடிப்பதற்குள் இன்னும் கொஞ்சம் போய்விடும். கடைமடைக்காரர் முறைத் தண்ணீரை அளந்து பாய்ச்சுவது போல, கொடுத்த எரிபொருளை முடிவுக் கோடு வரை நீட்டித்தாக வேண்டும். இதில் ஒரு குறும்பும் இருந்தது. சாலையில் வரும் எல்லாக் கார்களிடமிருந்தும் தப்ப வேண்டும், ஒன்றைத் தவிர. பல வண்ணத்தில் வரும் அந்த ஒரு காரைத் துரத்திப் போய் இடிக்க வேண்டும். இடித்தால்தான் எரிபொருள் ஏறும். விலகு விலகு என்று கட்டைவிரலைப் பழக்கிவிட்டு, அதே விரலிடம் இப்போது போய் மோது என்று கேட்கும் இந்த ஒற்றை விதிக்காகவே அந்தக் காலப் பந்தய விளையாட்டுகளில் இதை முன்வரிசையில் வைப்பேன். அப்போது அப்படி நினைத்தவர்கள் அதிகமில்லை. காசு இயந்திரமாக மட்டும் இருந்திருந்தால் அதன் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

முடியாமல் காத்தது கியோட்டோவில் இருந்த ஒரு சீட்டுக்கட்டுக் கம்பெனி. நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமவுச்சி, 1981 இறுதியில் மசயூகி உயெமுரா என்ற பொறியாளரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். கேசட் மாற்றி மாற்றி விளையாடும் பெட்டி வேண்டும், விலை மட்டும் யாரும் நெருங்க முடியாததாக இருக்க வேண்டும். சில்லு செய்து தரக் கம்பெனிகள் தயங்கின. ரிக்கோ கம்பெனியின் சில்லுத் தொழிற்சாலையோ வேலையில்லாமல் பெரும்பகுதி முடங்கிக் கிடந்தது. இரண்டு வருடத்தில் 30 லட்சம் சில்லு வாங்கிக்கொள்கிறேன் என்று யமவுச்சி வாக்குக் கொடுத்து விலையைக் குறைத்தார். மூளையாக 6502 என்ற அமெரிக்கச் சில்லின் வழித்தோன்றலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று சுவையானது. ஜப்பானில் அந்தச் சில்லை அறிந்தவர்கள் குறைவு, போட்டியாளர்கள் லேசில் நகலெடுக்க மாட்டார்கள். இந்த நம்பிக்கை பின்னால் எப்படிக் கவிழ்ந்தது என்பதுதான் கதையின் பெரிய திருப்பம்.

1983 ஜூலை 15 அன்று ஃபாமிகாம் என்ற அந்தப் பெட்டி 14,800 யென்னுக்கு விற்பனைக்கு வந்தது. வந்த வேகத்தில் சறுக்கியது. முதல் தொகுதியில் சில்லுக் கோளாறு, விளையாட்டு நடுவில் உறைந்து நின்றது. நின்டெண்டோ பெட்டிகளைத் திரும்பப் பெற்று, உள்ளே இருந்த பலகையை மாற்றிக் கொடுத்தது. அந்த அடியிலிருந்து எழுந்த பெட்டிதான் அடுத்த வருடங்களில் ஜப்பானின் வீட்டுக்கு வீடு நுழைந்தது. 1985 ஏப்ரலில் கோனாமியும் அதற்குக் கேசட் போடத் தொடங்கியது. ஜூலை 11 அன்று, கடைகளில் மங்கிக்கொண்டிருந்த அந்தக் கார் விளையாட்டும் கேசட்டாக வந்தது. இந்த முறை அதன் பழைய கோணமே அதற்கு வரமாயிற்று.

ஃபாமிகாமால் உருவங்களைப் பெரிதாக்கிச் சிறிதாக்க முடியாது. ஒரே கிடைக்கோட்டில் எட்டுத் துண்டுகளுக்கு மேல் வரையவும் முடியாது, மீறினால் படம் சிமிட்டும். பின்கோணப் பந்தயம் அதற்குப் பெரும் பாடு. அதற்கு முந்தைய நவம்பரில் வந்த ‘எஃப்1 ரேஸ்’ஸின் நிரலை எழுத, பிற்காலத்தில் நின்டெண்டோவின் தலைவரான சதோரு இவாதா போன்ற மேதை தேவைப்பட்டார். மேலிருந்து பார்க்கும் சாலைக்கு இந்தத் தொல்லை இல்லை. பின்னணி கீழே நகர்ந்தால் சாலை ஓடுகிறது. கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருவதால் கோட்டின் எல்லையும் மீறப்படுவதில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் மணிக்கு 224 கிலோமீட்டர் வரை, மற்றதை அழுத்தினால் 400. ஓடும்போது பின்னணி இசை கிடையாது, எஞ்சின் இரைச்சல் மட்டும். நான்கே கட்டங்கள். மொத்த விளையாட்டும் 24 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இந்தக் கட்டுரையைக் கணினியில் சேமித்தாலே அதைவிடக் கூடுதல் இடம் பிடிக்கும். அந்த இத்தனூண்டு அளவுதான் பின்னாளில் அதன் தலையெழுத்தை எழுதியது.

அந்தக் கேசட்டுக்குள் கோனாமிக்காரர்கள் ஓர் ஆளையும் ஒளித்து வைத்தார்கள். எங்கும் மோதாமல் குறிப்பிட்ட தூரம் ஓட்டிவிட்டால், சாலையோரமாக அங்கி பறக்க ஒருவன் கீழிருந்து மேலே பறந்து போவான். கண் சிமிட்டுவதற்குள் மறைந்துவிடுவான். அவன் யார் என்று திரையில் எழுதியிருக்காது. உலகின் பல மூலைகளில் பிள்ளைகள் அவனுக்கு ஒரே பெயரை வைத்தார்கள், அந்தப் பெயர் தவறு.

இரண்டு மாதம் கழித்து, 1985 செப்டம்பர் 13 அன்று, ‘சூப்பர் மேரியோ பிரதர்ஸ்’ வந்தது. அதற்குப் பிறகு மேலிருந்து பார்க்கும் ஒரு நேர்ச் சாலையை யார் நினைப்பார்கள்? அக்டோபரில் ஃபாமிகாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு அமெரிக்காவுக்குப் போனது. மேரியோ போனார், எக்ஸைட்பைக் போனது, கோனாமியின் கார் போகவில்லை. அங்கே கடைசி வரை அது விற்பனைக்கு வரவே இல்லை. ஆகச் சிறந்த விளையாட்டுகளின் பட்டியல்களைப் பிற்காலத்தில் எழுதியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கப் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள். அவர்கள் கண்ணில் படாதது பட்டியலில் ஏறவில்லை. அப்போது தைவானில் சில பேர் அந்தப் பட்டியல்களைப் பற்றிக் கவலையே படாமல் வேறொரு வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

ஜப்பானில் அரிதாக இருந்த 6502 தைவானில் தெருவுக்குத் தெரு தெரிந்த சரக்கு. எண்பதுகளின் தொடக்கத்திலேயே ஆப்பிள் 2 கணினியின் நகல்கள் அங்கே பெருகியிருந்தன, அந்தக் கணினியின் மூளை இதே 6502. யுஎம்சி என்ற தைவான் சில்லுக் கம்பெனி, ஃபாமிகாமின் இரண்டு முக்கியச் சில்லுகளுக்கும் இணையானவற்றைச் செய்து கொடுத்தது. இன்னொரு கதவையும் நின்டெண்டோ திறந்தே வைத்திருந்தது. அமெரிக்கப் பெட்டிக்குள் அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்கும் பூட்டுச் சில்லு உண்டு. முதலில் பிறந்த ஜப்பான் பெட்டியில் அந்தப் பூட்டு கிடையாது. எந்தக் கேசட்டைச் செருகினாலும் ஓடும். எனவே உலகெங்கும் போன நகல் பெட்டிகள் பெரும்பாலும் ஜப்பான் வாரிசுகளாகவே இருந்தன. அமெரிக்கா பார்க்காத ஜப்பான் கேசட்டுகளும் அவற்றோடு சேர்ந்தே பயணம் கிளம்பின. ஆனால் எது கிளம்புவது, எது தங்குவது என்று முடிவு செய்தது ரசனை அல்ல.

ஒரு கேசட்டுக்குள் பல விளையாட்டுகளைத் திணித்து விற்பதுதான் நகல்காரர்களின் லாபம். எண்பதுகளின் கடைசியில் வந்த பெரிய விளையாட்டுகள் கேசட்டுக்குள்ளேயே தனிச் சில்லு கேட்டன, இடமும் அதிகம் கேட்டன. 1985 வாக்கில் வந்த சின்ன விளையாட்டுகளோ எதுவும் கேட்கவில்லை. 24 கிலோபைட் கார் அதில் முதல் வரிசையில் உட்கார்ந்தது. தொகுப்புக் கேசட்டில் போடும்போது முகப்பிலிருந்த கோனாமி பெயரையும் ஆண்டையும் பல இடங்களில் துடைத்தும் விட்டார்கள். ‘9999 இன் 1’ என்று மேலே ஸ்டிக்கர். உள்ளே இருந்தவை சில பத்துகள்தான், அவையே வெவ்வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப வந்தன. பெயர் பறிபோன கார் இப்போது இந்தியாவுக்கு வரத் தயாராக இருந்தது. வழியில் அதன் வேகமும் பறிபோனது.

ஜப்பான் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும், இந்தியத் தொலைக்காட்சி 50 முறை. ஐரோப்பாவில் நின்டெண்டோ விற்ற பெட்டியில் இந்த மாற்றத்துக்காக உள்கணக்கையே மாற்றியிருந்தார்கள், அதனால் சில ஜப்பான் கேசட்டுகள் அதில் தடுமாறின. தைவான் பொறியாளர்கள் வேறு வழி கண்டார்கள். ஜப்பான் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படம் முடிந்ததும் கூடுதலாக ஐம்பது வரிகளுக்கான நேரம் சில்லைச் சும்மா காத்திருக்கச் செய்தார்கள். கேசட்டுகள் தடுமாறவில்லை. ஆனால் விளையாட்டு நகர்வது படக் கணக்கில் என்பதால், எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாயிற்று. திரையில் 400 என்று காட்டிய கார், டொயோனகா கணக்குப்படி ஓடியது ஏறக்குறைய 333க்கு. அதை ஓட்டிய யாரும் இந்த வித்தியாசத்தை உணர வழியே இல்லை.

அப்படி ஓட்டிய பிள்ளைகளில் ஒரு கூட்டம் காவிரிப் படுகையில் இருந்தது. சரக்கு அங்கே வந்த வழியும் அந்த மண்ணுக்கே உரியது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்வந்த ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பல், தகரப் பெட்டிகளில் வெளிநாட்டுச் சாமான்களை டெல்டாவுக்குச் சுமந்து வந்த காலம் ஒன்று உண்டு. கார் கேசட் பிறந்த அதே 1985இல், பிப்ரவரி மாதம், அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதத்தோடு முடங்கியது. பயணக் கப்பல் அதோடு நின்றது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், ராஜகிரி என்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆள் அனுப்பிய ஊர்களுக்கு, இனி சென்னையிலும் பின்னர் திருச்சியிலும் இறங்கிய விமானங்களில்தான் பெட்டி வந்தது. சென்ட், டார்ச், துணி, டேப் ரிக்கார்டர். அவற்றுக்கு இடையே, பிள்ளைகளுக்கென்று, துண்டில் சுற்றிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி.

வெளிநாட்டில் உறவு இல்லாதவர்களுக்குப் பர்மா பஜார் இருந்தது. தொண்ணூறுகளில் சாமுராய், லிட்டில் மாஸ்டர், மீடியா என்ற பெயர்களில் இந்தியக் கடைகளிலேயே பெட்டி கிடைக்கத் தொடங்கியது. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த கடைகள் இதையும் வாடகைக்கு விட்டன. யாரும் அதை ஃபாமிகாம் என்று சொல்லவில்லை. டிவி கேம் என்றார்கள். அதற்குப் பொருந்திய பருவமும் ஒன்று காத்திருந்தது.

முழுப் பரீட்சை முடிந்தால் ஏப்ரல், மே. வெண்ணாறும் வெட்டாறும் அரசலாறும் மணலாகக் கிடக்கும் மாதங்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்தால்தான் ஆற்றில் குதிக்க முடியும். 1991க்குப் பிறகு காவிரித் தகராறில் அந்தத் தேதியையும் நம்ப முடியாமல் போயிற்று. காலையும் மாலையும் ஆற்று மணலில் கிரிக்கெட், உச்சி வெயிலில் வீட்டுக்குள் அடைப்பு. கடலோர ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பிடிப்பதற்காக வானத்துக்கு உயர்த்திய ஆன்டெனாக் குழாய்கள் நின்றன. அந்த ஆன்டெனா ஒயரை டிவியின் முதுகிலிருந்து பிடுங்கி, அதே இடத்தில் டிவி கேம் ஒயரைச் சொருகி, சேனல் திருகியை நுனிவிரலால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால், பொரிந்துகொண்டிருந்த திரையில் சட்டென்று படம் நிற்கும். நிற்காவிட்டால் கேசட்டைக் கழற்றி, அடிவாயில் நாலு ஊது ஊதி, மறுபடி அழுத்த வேண்டும். பட்டியல் வரும். அதில் ‘கார் ரேஸ்’ எத்தனையாவது எண்ணில் இருக்கிறது என்பது மனப்பாடம்.

பல வீடுகளில் இருந்தது சாலிடேரோ டயனோராவோ, கறுப்பு வெள்ளை. நிறங்களை நம்பி வடிவமைக்கப்பட்ட விளையாட்டுக்கு அது பெரிய சோதனை. நேராகப் போகும் மஞ்சள் காரும், குறுக்கே வந்து விழும் மற்ற நிறக் கார்களும் அந்தத் திரையில் ஒரே சாம்பல். இடிக்க வேண்டிய காரையும் தவிர்க்க வேண்டிய காரையும் நிறம் சொல்லாதபோது, போக்கைப் பார்த்தே பிள்ளைகள் இனம் பிரித்தார்கள். எது விலகும், எது நெருக்கும், எண்ணெய் எங்கே சிந்தியிருக்கும், லாரி எந்தப் பக்கம் வரும் என்று பாதை முழுக்கக் கைக்கு வந்துவிட்டது. கலர் டிவி வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகளை அவர்கள் முந்தியதில் வியப்பில்லை. ஓட்டுகிறவன் இடப்பக்கம் சாயும்போது பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேரும் சேர்ந்து சாய்வார்கள். கடைசிக் கட்டம், எரிபொருள் தீரப்போகிறது, கோடு கண்ணுக்குத் தெரிகிறது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகும்.

பெயர் தெரியாமல் இத்தனை அன்பைச் சம்பாதித்த அந்தக் கார் ரேஸின் பெயர் ‘ரோடு ஃபைட்டர்’. சாலையோரம் பறந்து போனவனைப் படுகைப் பிள்ளைகள் சூப்பர்மேன் என்றே நம்பினார்கள். அவன் கோனாமி மேன், கம்பெனி தன் பெயரையே சட்டையாக மாட்டி அனுப்பிய ஆள். முகப்பில் பெயரைத் துடைத்தெடுத்த நகல்காரர்களின் கையில் அவன் சிக்கவில்லை. டொயோனகா தன் கையெழுத்தை ஒவ்வொரு மதியமும் தஞ்சைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது, அதைப் படிக்கத்தான் ஆளில்லை. நிரல் எழுதியவர்கள் பெயரோ அசல் கேசட்டிலும் இல்லை. அந்தக் கால ஜப்பான் கம்பெனிகள் தங்கள் ஆட்களைப் போட்டியாளர்கள் கொத்திக்கொண்டு போவார்கள் என்று பயந்து பெயர்களை மறைத்தன. எரிபொருள் காரை இடிக்கச் சொன்ன அந்த மூளைக்கு உரிய மரியாதை இன்றுவரை போய்ச் சேரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கோனாமி ஐரோப்பாவில் 1992இல் பால்காம் என்ற பெயரில் இதை வெளியிட்டது. 16 பிட் பெட்டிகள் வந்துவிட்ட நேரம், ஏழு வருடப் பழைய சரக்கு, கவனிக்க ஆளில்லை. அதே 1992 இறுதியில் ரஷ்யாவில் ‘டெண்டி’ என்ற பெயரில் தைவான் நகல் பெட்டி இறங்கியது. யானைப் படம் போட்ட அந்தப் பெட்டியோடு மாஸ்கோ பிள்ளைகளும் இதே சிவப்புக் காரை இதே மெதுவான வேகத்தில் ஓட்டினார்கள். 1995இல் ‘மிட்நைட் ரன்’ என்று இரண்டாம் பாகம் காசு இயந்திரமாக வந்தது. அதில் எல்லாமே பின்கோணம், முப்பரிமாணம். மேலிருந்து பார்த்த சாலை கைவிடப்பட்டது.

படுகையின் பழைய ஓட்டுநர்கள் இப்போது நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். ஃபாமிகாமைப் போலச் செய்யும் மென்பொருளைக் கணினியில் ஏற்றி, ரோடு ஃபைட்டரின் அசல் ஜப்பான் பதிப்பை ஓட்டிப் பார்ப்பவர்களுக்கு முதல் கட்டத்திலேயே கை தடுமாறுகிறது. லாரி நினைத்ததற்கு ஒரு நொடித் துணுக்கு முன்பே வந்து நிற்கிறது. வயதாகிவிட்டது என்று தோன்றும். வயதல்ல, நொடிக்கு அந்தப் பத்துப் படம்தான் காரணம். கைக்குத் தெரிந்தது 50, ஓடுவது 60. இத்தகைய மென்பொருள்களில் மெசென், எஃப்சிஇயூஎக்ஸ் போன்றவற்றின் அமைப்புப் பட்டியலில் ஜப்பான் முறை, ஐரோப்பிய முறை ஆகியவற்றோடு மூன்றாவதாக ‘டெண்டி’ என்றும் ஒரு முறை இருக்கிறது. தைவான் பொறியாளர்கள் சேர்த்த அந்த ஐம்பது வரிக் காத்திருப்பை அது அப்படியே திரும்பச் செய்கிறது. அதைத் தேர்ந்தெடுத்து ஓட்டினால் லாரி தன் பழைய இடத்தில், தன் பழைய நேரத்துக்கு வருகிறது. கட்டைவிரல் அதற்கு முன்பே விலகியிருக்கிறது.